ரேஷன் பாமாயிலும் மாரடைப்புக் கணக்கும்

பிரபலம் ஒருவர் நாற்பதுகளில் மாரடைப்பால் இறந்துவிட்டால், அடுத்த பத்து நாட்களுக்குத் தமிழகத்தில் நடப்பவை எல்லோருக்கும் தெரியும். மாஸ்டர் ஹெல்த் செக்-அப் விளம்பரங்கள் பெருகும். ஜிம்முக்குப் போகலாமா, கூடாதா என்று தொலைக்காட்சியில் விவாதம் நடக்கும். டிரெட்மில் பரிசோதனைக்குக் கூட்டம் சேரும். பதினோராம் நாள் எல்லாம் அடங்கிவிடும். அந்த மனிதர் ஏன் இறந்தார் என்பதை இதய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். என் துறை கேட்கும் கேள்வி வேறு. ஒரு லட்சம் பேருக்கு இத்தனை பேர் என்று ஒரு நாட்டில் ஆண்டுதோறும் பதிவாகும் மாரடைப்பு மரண விகிதம் ஏன் ஏறுகிறது, எப்போது இறங்குகிறது?

இறங்கியிருக்கிறதா என்று கேட்கலாம். இறங்கியிருக்கிறது, அதுவும் சில நாடுகளில் நம்ப முடியாத அளவுக்கு. அமெரிக்காவில் 1968 வாக்கில் உச்சத்தைத் தொட்ட விகிதம் பிறகு பல பத்தாண்டுகள் தொடர்ந்து சரிந்தது. ஆனால், இந்தப் பேச்சை எடுக்கும் எவரும் பின்லாந்தைத் தாண்டிப் போக முடியாது.

1960களில் உலகிலேயே மாரடைப்புக்கு அதிகம் பலியானவர்கள் பின்லாந்து ஆண்கள். அந்த நாட்டுக்குள்ளும் மிக மோசமான நிலையில் இருந்தது ரஷ்ய எல்லையை ஒட்டிய வட கரேலியா மாகாணம். காட்டில் மரம் வெட்டியும் மாடு வளர்த்தும் பிழைத்தவர்கள் அந்த மக்கள். உடலுழைப்புக்குக் குறைவே இல்லை. ‘உழைக்கிற உடம்புக்கு ஒண்ணும் வராது’ என்று நம் ஊரில் சொல்வார்களே, அதைப் பொய்யாக்கியவர்கள் இவர்கள். ரொட்டி மேல் தடிமனாக வெண்ணெய், சமையலுக்கும் வெண்ணெய், குடிப்பதற்குக் கொழுப்பெடுக்காத பால், உப்பேறிய இறைச்சி. ஆண்களில் பாதிப் பேர் புகைத்தார்கள். நடுவயது ஆண்களின் சராசரி கொலஸ்ட்ரால் 267 மில்லிகிராம். நோயாளிகளின் சராசரி அல்ல இது, ஊரின் சராசரி. இன்று நம் மருத்துவமனையில் ஒருவருக்கு இந்த அளவு வந்தால் அன்றைக்கே மாத்திரை எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

1971இல் மாகாண ஆளுநரும் மக்கள் பிரதிநிதிகளும் கையெழுத்திட்டு, ‘எங்கள் ஆண்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள், ஏதாவது செய்யுங்கள்’ என்ற பொருளில் தலைநகர் ஹெல்சிங்கிக்கு ஒரு மனு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு திட்டம் தொடங்கியது. தலைமை ஏற்ற பெக்கா புஸ்காவுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. மாகாணத்தில் சுமார் 1,80,000 பேர். பெரிய மருத்துவமனை எதையும் அவர் கட்டவில்லை. ஊர் ஊராகப் போனார். ‘மார்த்தா’ என்ற பழைய இல்லத்தரசிகள் அமைப்பு அங்கே உண்டு. அந்தப் பெண்கள் மாலை நேரக் கூட்டங்கள் நடத்தி, ஊர்க் குழம்பையே கொழுப்பைக் குறைத்து, காய்கறியைக் கூட்டிச் சமைத்துப் பரிமாறினார்கள். ஆண்கள் முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டார்கள். உள்ளூர் சாசேஜ் தயாரிப்பாளர் ஒருவரிடம் பேசி, கொழுப்பில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் காளான் சேர்க்க வைத்தார்கள். குளிரைத் தாங்கும் கடுகு வகைப் பயிரிலிருந்து எண்ணெய் எடுப்பது நாட்டில் பரவியது. பால் பண்ணையாளர்கள் கொதித்தெழுந்தார்கள். வெண்ணெய் வேண்டாம் என்றால் அவர்கள் பிழைப்பு என்னாவது? அவர்களுக்கு மாற்று வழியாக, அந்த மண்ணில் நன்றாக விளையும் பெர்ரிப் பழங்களைச் சாகுபடி செய்யும் திட்டம் வந்தது. 1976இல் நாடு முழுவதற்கும் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம். பின்னாளில், எந்த ஊரின் சராசரி கொலஸ்ட்ரால் அதிகம் இறங்குகிறது என்று ஊர்களுக்கிடையே போட்டியே வைத்தார்கள்.

40 ஆண்டுகளில் நடந்தது இது: கிழக்கு பின்லாந்தில் 35 முதல் 64 வயது வரையிலான ஆண்களில், லட்சத்துக்கு 643 ஆக இருந்த மாரடைப்பு மரணம் 2012இல் 118 ஆனது. 82 சதவீதச் சரிவு. இதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மூன்று மாற்றங்களே காரணம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்: கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம், புகைப்பழக்கம். மூன்றிலும் முதலிடம் கொலஸ்ட்ராலுக்கு. அடைபட்ட ரத்தக் குழாயை பலூன் வைத்து விரிக்கும் சிகிச்சை முதன்முதலில் நடந்தது 1977இல், ஜூரிச்சில். கொலஸ்ட்ரால் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை விற்பனைக்கு வந்தது 1987இல். பின்லாந்தின் மரண விகிதக் கோடு சரியத் தொடங்கியது இவை இரண்டும் வருவதற்கு முன்பே.

இங்கே ஒரு சங்கடத்தையும் சொல்லியாக வேண்டும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் திட்டம் இல்லாத அண்டை மாகாணமான குவோப்பியோவை வைத்திருந்தார்கள். அங்கேயும் மரணங்கள் குறைந்துவிட்டன! திட்டத்தால்தான் குறைந்தது என்பதற்கு ஆதாரம் எங்கே என்று விமர்சகர்கள் பிடித்துக்கொண்டார்கள். முறையியல் கண்ணோட்டத்தில் அவர்கள் கேட்டது சரி. என் வாசிப்பு வேறு. தொலைக்காட்சி நிகழ்ச்சியும் புகையிலைச் சட்டமும் கடையில் கிடைக்கும் எண்ணெயும் மாகாண எல்லையில் நின்றுவிடுவதில்லை. நாட்டின் சாப்பாட்டு மேசையிலிருந்தே வெண்ணெய் இறங்கியபோது குவோப்பியோ மட்டும் எப்படி விலகி நின்றிருக்கும்?

சிகிச்சைக்குப் பங்கே இல்லையா? உண்டு, பெரிய பங்கு. இங்கிலாந்து - வேல்ஸில் 1981க்கும் 2000க்கும் இடையிலான சரிவை ஆராய்ந்தவர்கள், 42 சதவீதம் சிகிச்சையாலும் 58 சதவீதம் அபாயக் காரணிகள் குறைந்ததாலும் என்று பிரித்தார்கள். அமெரிக்காவில் 1980-2000 காலத்துக்குக் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. எந்த நாட்டிலும் ஆஸ்பத்திரி மட்டும் கோட்டைக் கீழே இழுத்துவிடவில்லை. போலந்தின் கதை இன்னும் வேடிக்கையானது. கம்யூனிஸ்ட் ஆட்சியில் வெண்ணெய், இறைச்சி போன்றவற்றுக்கு அரசு மானியம் இருந்தது. ஆட்சி விழுந்தது, மானியம் போனது, தாவர எண்ணெய் உள்ளே வந்தது. 1991 முதல் மாரடைப்பு மரணம் சட்டென்று இறங்கி, 2005க்குள் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. மக்களின் இதயத்தைக் காக்க வேண்டும் என்று அங்கே யாரும் நினைத்துச் செய்ததல்ல அது. கஜானா காலி, அவ்வளவுதான்.

கோடு மேலே போன ஊரையும் பார்க்கலாம். பெய்ஜிங்கில் 1984க்கும் 1999க்கும் இடையே மாரடைப்பு மரண விகிதம் ஆண்களிடம் 50 சதவீதமும் பெண்களிடம் 27 சதவீதமும் ஏறியது. அதே காலத்தில் சிகிச்சை வசதிகளும் கூடியிருந்தன. கூடுதல் சாவுகளில் 77 சதவீதத்துக்கு, ஊரின் சராசரி கொலஸ்ட்ரால் ஏறியதே காரணம் என்றது ஆய்வு. பணம் வந்தது, எண்ணெயும் இறைச்சியும் கூடின, மருத்துவமனைகளால் ஈடுகொடுக்க முடியவில்லை.

இந்தியா எந்தப் பக்கம்? பெய்ஜிங் பக்கம். இதைச் சொல்லவே நமக்குத் தடுமாற வேண்டியிருக்கிறது என்பதுதான் கொடுமை. நம் மரணங்களின் காரணம் நமக்குச் சரியாகத் தெரியாது. நாட்டில் பதிவாகும் மரணங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்குத்தான் மருத்துவர் சான்றளித்த காரணம் இருக்கிறது. தமிழகம் அதைவிட மேல், ஆனால் நிறைவில்லை. வீட்டில் இறந்தவருக்கு மருத்துவர் நிரப்பும் 4ஏ படிவத்தை எடுத்துப் பாருங்கள். முதல் வரியில் உடனடிக் காரணம், அதன் கீழே அதற்கு இட்டுச்சென்ற காரணம், அதற்கும் கீழே அடிப்படைக் காரணம் என்று படிப்படியாக எழுத வேண்டும். பெரும்பாலான படிவங்களில் முதல் வரியில் ‘கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்’ என்றிருக்கும். இதயமும் மூச்சும் நின்றன என்று பொருள். அவை நிற்காமல் இறந்தவர் உண்டா? கீழ் வரிகள் காலியாக இருக்கும். கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலரின் பதிவேட்டில் வீட்டார் சொல்வதே காரணம்: ‘நெஞ்சு வலி’ அல்லது ‘வயோதிகம்’. மாணவர்களிடம் நான் சொல்வதுண்டு: இறந்த பிறகு அந்த நோயாளிக்கு நீங்கள் செய்யக்கூடிய ஒரே உதவி, அந்த மூன்று வரிகளை ஒழுங்காக எழுதுவது.

இந்த ஓட்டையை அடைக்க இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகத்துடன் சேர்ந்து ‘மில்லியன் டெத்’ ஆய்வு நடந்தது. நாடெங்கும் மாதிரிக்குத் தேர்ந்தெடுத்த பகுதிகளில், சாவு நடந்த வீட்டுக்கே போய் உட்கார்ந்து, வலி எங்கே வந்தது, கையில் பரவியதா, வியர்த்ததா, எத்தனை மணி நேரம் உயிர் இருந்தது, என்ன மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று கேட்டு எழுதி, மருத்துவர்கள் தனித்தனியாகப் படித்துக் காரணம் குறித்தார்கள். அதன்படி, 30 வயதை எட்டிய இந்திய ஆண் 70 வயதுக்குள் மாரடைப்பால் இறக்கும் வாய்ப்பு 2000இல் 10.4 சதவீதம், 2015இல் 13.1 சதவீதம். பெண்களுக்கும் ஏறியது. இந்த ஏற்றம் கிராமங்களில் வேகமாக நடந்து, நகரத்தையே முந்திவிட்டது என்பது பலருக்கும் அதிர்ச்சி. ‘பணக்காரர் வியாதி’ என்பதெல்லாம் பழங்கதை. மக்கள்தொகை பெருகியதாலும் வயதானோர் கூடியதாலும் எண்ணிக்கை பெரிதாகத் தெரிகிறது என்று இதைத் தள்ளவும் முடியாது. வயது வாரியாகச் சீராக்கிய பிறகே ஏற்றம் தெரிகிறது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் வயது சராசரியாக 53, பிற நாட்டவரைவிட ஐந்தாறு ஆண்டுகள் முன்பே.

தமிழக அரசு சும்மா இருக்கவில்லை. மாரடைப்பு வந்தவரை அருகிலுள்ள சிறிய மருத்துவமனையில் சேர்த்து, ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்து கொடுத்து, பிறகு ஆஞ்சியோ வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் பிணைப்பு இங்கே சோதித்துப் பார்க்கப்பட்டது. ஓராண்டுக்குள் இறப்பவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கி, சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. 2023இல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாட்டின் என 14 மாத்திரைகளை அங்கேயே கொடுத்துவிட்டு மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். எளிய, புத்திசாலித்தனமான திட்டம். இவற்றில் எதையும் குறைக்கக் கூடாது.

ஆனால், இவை எல்லாமே நோய் வந்தவருக்கானவை. அதே அரசு ஒவ்வொரு மாதமும் நோய் வராதவரின் வீட்டுக்கும் ஒரு லிட்டர் பொட்டலம் அனுப்புகிறது. 2007இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில், குடும்ப அட்டைக்கு மாதம் ஒரு லிட்டர் பாமாயில், 25 ரூபாய். சுகாதாரத் துறைக் கூட்டங்களில் இந்தப் பொட்டலத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது உணவுத் துறை சமாச்சாரம்.

பாமாயிலில் நிறைவுற்ற கொழுப்பு 40 சதவீதத்துக்கு மேல். கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குதான், தவிட்டு எண்ணெயில் சற்றுக் கூடுதல். சோயா, சூரியகாந்தியில் இன்னும் குறைவு. இந்த எண்ணெய்களோடு ஒப்பிட, பாமாயில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுகிறது என்பதைப் பல சோதனைகளைத் தொகுத்த ஆய்வு காட்டியிருக்கிறது. இந்தப் பாடத்தை நேரடியாகச் செய்து பார்த்த நாடு ஒன்று உண்டு. தமிழர்களும் கணிசமாக வாழும் மொரீஷியஸ். அங்கே அரசு கட்டுப்பாட்டில் விற்கும் எண்ணெய்க்கு ‘ரேஷன் எண்ணெய்’ என்றே பெயர். பெரும்பகுதி பாமாயிலாக இருந்த அதை, 1987இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் முழுக்க சோயா எண்ணெயாக மாற்றினார்கள். 1992க்குள் மக்களின் சராசரி கொலஸ்ட்ரால் சுமார் 213இலிருந்து 182 ஆக இறங்கியது. (எண்ணெய் மட்டுமே காரணம் என்று அந்த ஆய்வாளர்களும் சொல்லவில்லை. ஆனால், இறக்கத்தின் பெரும்பங்கு அதிலிருந்து வந்திருக்கலாம் என்றார்கள்.)

தமிழகத்தில் அதே அளவு நடக்கும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். நால்வர் உள்ள வீட்டுக்கு மாதம் ஒரு லிட்டர் என்றால், தலைக்கு ஒரு நாளைக்கு ஏழெட்டு கிராம். அதைத் தவிட்டு எண்ணெயாக மாற்றினால், ஒருவர் உண்ணும் நிறைவுற்ற கொழுப்பு நாளைக்கு ஒன்றரை கிராம் குறையும். சராசரி கொலஸ்ட்ரால் இரண்டு, மூன்று புள்ளி இறங்கினால் பெரிது. தனி மனிதருக்கு இது ஒன்றுமே இல்லை. பரிசோதனைக் கூடத்தின் பிழை வரம்புக்குள் காணாமல் போய்விடும். ஆனால், ஒரு சமூகத்தின் கொலஸ்ட்ரால் ஒரு சதவீதம் இறங்கினால் மாரடைப்பு சுமார் இரண்டு சதவீதம் இறங்கும் என்பது பழைய கணக்கு. இங்கே இருப்பதோ இரண்டு கோடிக்கும் மேற்பட்ட குடும்ப அட்டைகள். பிரிட்டிஷ் மருத்துவர் ஜெஃப்ரி ரோஸ் 1985இல் இதைத்தான் விளக்கினார். பெரிய ஆபத்தில் உள்ள சிலரைவிட, சிறிய ஆபத்தில் உள்ள பலரிடமிருந்தே அதிக மரணங்கள் வருகின்றன. அந்தப் பலரில் எவருக்கும் தனக்கு நன்மை நடந்ததே தெரியாது. அதனால்தான் இப்படிப்பட்ட நடவடிக்கைக்கு ஓட்டும் கிடைப்பதில்லை, நன்றிச் சுவரொட்டியும் ஒட்டப்படுவதில்லை. ஸ்டென்ட் வைத்துப் பிழைத்தவர் மருத்துவரைக் கையெடுத்துக் கும்பிடுவார்.

எதிர்வாதங்கள் இல்லாமல் இல்லை. இந்தியரின் சிக்கல் கொலஸ்ட்ரால் மட்டுமல்ல, சர்க்கரையும் வயிற்றுப் பருமனும் பீடியும் பிரஷரும்தான் என்று சக மருத்துவர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. ஐசிஎம்ஆர் ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 11.4 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய், 35.5 சதவீதத்தினருக்கு உயர் ரத்த அழுத்தம். ஆனால், சர்க்கரை உள்ளவருக்குத்தான் கெட்ட கொலஸ்ட்ரால் கூடுதல் கேடு செய்யும். அடுத்து, ஏழையின் எண்ணெயில் கை வைக்கலாமா என்ற கேள்வி. வரி போட்டால் அது நியாயமான கோபம். பாமாயிலுக்கு 20 சதவீத வரி விதித்தால் இந்தியாவில் பத்தாண்டுகளில் 3,63,000 மாரடைப்பு, பக்கவாத மரணங்களைத் தவிர்க்கலாம் என்று 2013இல் ஒரு மாதிரிக் கணக்கு வந்தது. அதே கட்டுரை, ஏழைகளின் உணவுப் பாதுகாப்பு அடிபடும் என்றும் எச்சரித்தது. நான் கேட்பது வரியல்ல. அதே 25 ரூபாய்க்கு வேறு எண்ணெய். வித்தியாசத்தை அரசு ஏற்கட்டும். கடலை எண்ணெய் கட்டுப்படியாகாது என்றால், அரிசி ஆலைகள் நிறைந்த மாநிலத்தில் தவிட்டு எண்ணெய் இருக்கிறது. கலவை எண்ணெயும் இருக்கிறது.

கொங்கு மண்டல விவசாயிகள் பாமாயிலுக்குப் பதில் தேங்காய் எண்ணெய் கொடுங்கள் என்று போராடுகிறார்கள். அவர்கள் வயிற்றெரிச்சல் புரிகிறது. இறக்குமதி எண்ணெய்க்கு நம் வரிப்பணம், உள்ளூர்க் கொப்பரைக்கு விலை இல்லை. ஆனால், தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு ஏறத்தாழ 90 சதவீதம். இதயத்தின் பெயரால் அதை ஆதரிக்க எனக்கு வழியில்லை, சமூக ஊடகத்தில் எத்தனை வைத்தியர்கள் அதை அமிர்தம் என்று சொன்னாலும். கடலைக்கும் எள்ளுக்கும் அதே விவசாயிகள் கேட்டால் கொடி பிடிக்க நானும் வருவேன். மத்திய அரசோ எதிர்த்திசையில் போகிறது. எண்ணெய்ப் பனை சாகுபடியைப் பெருக்க 2021இல் 11,040 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அந்நியச் செலாவணி மிச்சமாகும் என்பது கணக்கு. அந்தக் கணக்கில் ரத்தக் குழாய்க்குத் தனியாக ஒரு பத்தி இருந்ததாகத் தெரியவில்லை.

ரேஷன் எண்ணெயை மாற்றினால் டீக்கடை வடைச்சட்டியும் பேக்கரி பப்ஸும் மிக்சர் பொட்டலமும் மாறிவிடாது என்பதும் உண்மை. அவற்றுக்குத் தனிச் சட்டம் தேவை. வனஸ்பதியில் இருக்கும் டிரான்ஸ் கொழுப்புக்கு 2022 ஜனவரி முதல் 2 சதவீத உச்சவரம்பு வந்திருக்கிறதே, அதுபோல. அமலாகிறதா என்று சோதிப்பது வேறு விஷயம்.

எடுத்த எடுப்பில் மாநிலம் முழுக்க மாற்ற வேண்டாம். இரண்டு மாவட்டங்களில் ஐந்து ஆண்டுகள் செய்து பார்க்கலாம். குவோப்பியோ தந்த பாடத்தை மனதில் வைத்து, ஒப்பீட்டு மாவட்டங்களை ஒட்டிய இடத்தில் எடுக்காமல் தள்ளி எடுக்க வேண்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். சில ஆயிரம் பேரிடம் முதலாண்டும் மூன்றாமாண்டும் ரத்த மாதிரி எடுப்பது அவர்களுக்குக் கூடுதல் சுமை என்றாலும் முடியாததல்ல. சாவு நடந்த வீடுகளில் கேள்விப் படிவத்தோடு உட்காரக் கிராம சுகாதார செவிலியர்களுக்குப் பயிற்சி தரலாம், மருத்துவக் கல்லூரிகளின் சமூக மருத்துவத் துறைகள் அந்தப் படிவங்களைப் படித்துக் காரணம் குறிக்கலாம். கொலஸ்ட்ரால் இறங்கியதா என்பது மூன்று ஆண்டுகளில் தெரிந்துவிடும். மரணம் இறங்கியதா என்பதற்கு இரண்டு மாவட்டங்களும் ஐந்து ஆண்டுகளும் போதாமல் போகலாம் என்பதை முதலிலேயே அமைச்சருக்குச் சொல்லிவிட வேண்டும்.

தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் பாமாயில் வாங்க விடும் டெண்டர்களில், எண்ணெயில் வைட்டமின் ஏ, டி சேர்த்திருக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கிறது. ரேஷன் எண்ணெய் வெறும் எண்ணெயல்ல, ஊட்டத்துக்கும் அரசுக்குப் பொறுப்பு உண்டு என்று யாரோ ஒரு அதிகாரி எப்போதோ ஏற்றுக்கொண்டதால் வந்த நிபந்தனை அது. அதன் கீழே இன்னொரு வரி சேர்க்கலாம்: நிறைவுற்ற கொழுப்பு 25 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த வரி வந்தால் பாமாயில் தானாகவே தகுதி இழந்துவிடும், தனியாகத் தடை போடத் தேவையில்லை.

- கட்டுரையாளர், சமூக மருத்துவத் துறைப் பேராசிரியர்.